டேக் வாங்கப் போகிறீர்களா? '32 பிட்' என்ற எழுத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் தரம் இழக்காத 'லாஸ்லெஸ்' ஒலியைக் கூடுதல் கட்டணமின்றிக் கொடுத்தது. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில் அதே வழிக்கு வந்தது. வீட்டில் ஒரு நல்ல ஆம்ப்ளிபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஒரே சந்தேகம்: இதை முழுமையாகக் கேட்க, டிஜிட்டல் ஒலியை ஆம்ப்புக்கு ஏற்ற மின் அலையாக மாற்றும் 'டேக்' என்ற கருவியைத் தனியாக வாங்க வேண்டுமா?

தேடிப் பார்த்தால் குழப்பம்தான் கூடுகிறது. விரல் நீளத்தில் ஓரிரு ஆயிரத்துக்கு ஒன்று, டிபன் பாக்ஸ் அளவில் பதினைந்தாயிரத்துக்கு ஒன்று, லட்சங்களில் இன்னொன்று. மூன்றின் மேலும் '32 பிட்' என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று ஒழுங்காகச் செய்யப்பட்ட டேக் எதுவாக இருந்தாலும், அதன் பிழைகள் காதுக்கு எட்டாத அளவில்தான் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியது பிட்டையும் சிப்பையும் பார்த்து அல்ல. உங்கள் பாட்டு எங்கிருந்து வருகிறது, எந்தக் கேபிளில் வருகிறது, எத்தனை வோல்ட்டில் ஆம்ப்புக்குப் போகிறது, வழியில் இரைச்சல் சேர்கிறதா ஆகியவற்றைப் பார்த்து. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

டேக் செய்யும் வேலை

டிஜிட்டல் டு அனலாக் கன்வர்ட்டர் என்பதன் சுருக்கமே டேக். எண்களாக இருக்கும் பாட்டை, ஆம்ப்ளிபையர் வாங்கிக்கொள்ளக்கூடிய மின் அலையாக மாற்றித் தருவது அதன் வேலை. உங்கள் போனில், டிவியில், லேப்டாப்பில், புளூடூத் ஸ்பீக்கரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அது இல்லாமல் எதிலிருந்தும் சத்தம் வராது. ஆகவே கேட்க வேண்டியது 'டேக் வேண்டுமா' என்பதை அல்ல, 'இருக்கும் டேக்கில் என்ன குறை' என்பதை.

சிடியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு நொடி இசை, ஒவ்வொரு சேனலுக்கும் 44,100 எண்களாகப் பதிவாகியிருக்கிறது. அந்த ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள். ஒரு சாம்பிள் 16 பிட் நீளம், அதாவது 65,536 மதிப்புகளில் ஒன்று. 44,100 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் சேமித்தார்கள். நொடிக்கு 60 புலம் (வீடியோவின் பாதிப் படம்), புலத்துக்குப் பயன்படும் 245 கோடுகள், கோட்டுக்கு 3 சாம்பிள், பெருக்கினால் 44,100. ஐரோப்பிய டிவி முறையில் 50, 294, 3 என்று பெருக்கினாலும் அதே எண் வரும்.

பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். 'டிஜிட்டல் ஒலி படிக்கட்டு மாதிரி. சாம்பிளுக்கும் சாம்பிளுக்கும் நடுவில் இருந்த இசை போய்விட்டது' என்று நம்புகிறார்கள். புள்ளிக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். வாசலில் புள்ளி மட்டும் வைத்துவிட்டு எழுந்தால், அடுத்து வருபவர் அதில் எத்தனையோ விதமாகக் கோடு இழுக்கலாம். ஆனால் 'கோடு இந்த அளவுக்கு மேல் குறுகலாக வளையக் கூடாது' என்று ஒரு கண்டிப்பான விதி இருந்தால்? அப்போது அந்தப் புள்ளிகளின் மேல் ஒரே ஒரு கோலம்தான் போட முடியும். ஒலியில் அந்த விதி, சாம்பிள் வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் உள்ளே இருக்கக் கூடாது என்பது. ஹாரி நைக்விஸ்ட் 1928இல் இதற்கு வழி போட்டார். கிளாட் ஷானன் 1949இல் கணிதமாக நிறுவினார். 44,100இல் பாதி 22,050 ஹெர்ட்ஸ். மனிதக் காதின் உச்சவரம்பு சுமார் 20,000 ஹெர்ட்ஸ். நடுவயதில் அது இன்னும் நன்றாகவே கீழே இறங்கிவிடும். டேக்குக்குள் இருக்கும் பில்டர்தான் புள்ளிகளின் மேல் அந்த ஒரே கோலத்தைப் போடுகிறது. வெளியே வருவது படிக்கட்டு இல்லை, வழவழப்பான அலை.

இதே கோலத்தில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. புள்ளிகள் மேல் எல்லையைத் தொட்டுக்கொண்டு இருந்தால், அவற்றுக்கு இடையில் வளையும் கோடு எல்லையைத் தாண்டிப் போகலாம். இப்போது வரும் பல சினிமாப் பாட்டுகள் உச்ச அளவுக்கு ஏற்றித்தான் பதிவாகின்றன. அந்தத் தாண்டலுக்கு இடம் விடாத டேக்கில் அலையின் முகடு நறுக்கப்பட்டுவிடும். பரிகாரம் சுலபம்: பாட்டு ஓடும் செயலியில் வால்யூமை 3 டெசிபல் குறைத்து, ஆம்ப்பில் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத இந்தத் திருத்தம், விலை உயர்ந்த டேக்குக்கு மாறுவதைவிடப் பலன் தரலாம்.

பிட்டும் கிலோஹெர்ட்ஸும்: எண்கள் எங்கே அர்த்தம் இழக்கின்றன

ஒவ்வொரு பிட்டும் சுமார் 6 டெசிபல் வீச்சைக் கூட்டும். 16 பிட் என்றால் ஏறக்குறைய 98 டெசிபல். 24 பிட் என்றால் 146. வீச்சு என்பது ஆகப் பெரிய சத்தத்துக்கும் அடியில் கிடக்கும் இரைச்சலுக்கும் உள்ள தூரம். ராத்திரி அடங்கிய அறையிலேயே சுமார் 30 டெசிபல் சத்தம் இருக்கும். மின்விசிறி சுழன்றால் அது இன்னும் ஏறிவிடும். அதற்கு மேலே 98 டெசிபல் வைத்தால் வரும் சத்தத்தில் யாரும் உட்கார்ந்து பாட்டுக் கேட்க முடியாது.

32 பிட் என்பது, அந்த நீளமுள்ள எண்ணைச் சிப் வாங்கிக்கொள்ளும் என்ற தகவல் மட்டுமே. அறை வெப்பத்தில் எந்த மின்சுற்றிலும் எலக்ட்ரான்களின் வெப்ப அசைவால் இரைச்சல் எழும். அதைத் தடுக்க யாராலும் முடியாது. உலகின் மிகச் சிறந்த டேக்கிலும் உண்மையான துல்லியம் 20, 21 பிட் அருகில் நின்றுவிடுகிறது. உள்ளே வால்யூம் கணக்குப் போடும்போது கூடுதல் பிட் உதவும் என்பது உண்மை. ஆனால் அது இன்று எல்லாச் சிப்பிலும் இருக்கும் வசதி. கூடுதல் விலை கொடுக்க அது காரணமாகாது.

இந்தப் பிட் போட்டி 1982இல் முதல் சிடி பிளேயர்கள் வந்த அன்றே தொடங்கிவிட்டது. சோனியின் சிடிபி-101இல் 16 பிட் டேக் இருந்தது. ஒரே டேக்கை இடது, வலது என இரண்டு சேனலுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். பிலிப்ஸின் சிடி100இல் இருந்ததோ 14 பிட் டேக். ஆனால் சாம்பிள் வேகத்தை 4 மடங்காக்கி, பிழையைக் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணுக்குத் தள்ளும் 'ஓவர்சாம்பிளிங்' உத்தியால் 16 பிட்டுக்குரிய வீச்சை அதிலிருந்தே வாங்கினார்கள். குறைந்த பிட் என்பதால் அந்த இயந்திரம் எந்த விதத்திலும் தாழ்ந்துபோகவில்லை. இன்றைய பெரும்பாலான டேக்குகள் அந்த உத்தியின் வாரிசுகள்தான்.

சரி, 96, 192, 768 கிலோஹெர்ட்ஸ் என்ற சாம்பிள் வேகங்கள்? மேயர், மோரன் இருவரும் 2007இல் வெளியிட்ட சோதனையில், உயர்தெளிவுப் பதிவுகளை ஒரு பக்கமும், அவற்றையே சிடி தரத்துக்கு இறக்கி மறுபக்கமும் வைத்து மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். ஜோஷுவா ரைஸ் 2016இல் இப்படிப்பட்ட 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சராசரி 52 சதவீதத்தை ஒட்டி வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது சுமார் 60ஆக இருந்தது. ஆக வித்தியாசம் அறவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அமைதியான அறையில், பயிற்சி பெற்ற காது, மனத்தைக் குவித்துக் கேட்டும் கோட்டை விடும் அளவுக்கு அது சிறியது. 192 வரை வாங்கிக்கொள்ளும் எந்த டேக்கும் போதும். கடைகளில் கிடைக்கும் பாட்டில் பெரும்பகுதி அதற்கு மேல் போவதே இல்லை.

சிப், ஆர்2ஆர், லோகோ

டேக் செய்ய இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று டெல்டா-சிக்மா: குறைந்த பிட், மிக அதிக வேகம், பிறகு பில்டர். இன்னொன்று ஆர்2ஆர் எனப்படும் ரெசிஸ்டர் ஏணி: ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு படி. ஏணியின் சிக்கல் மேல்படியில் இருக்கிறது. 16 பிட் ஏணியில் மேல்படியின் பிழை, அடிப்படியின் அளவில் பாதிக்குள் அடங்க வேண்டுமானால் 65,536இல் ஒரு பங்கு, அதாவது 0.0015 சதவீதத் துல்லியம் தேவை. சாதாரண ரெசிஸ்டர் 1 சதவீதத் துல்லியத்தில் வருகிறது. ஆர்2ஆர் டேக் விலையில் எகிறுவது இதனால்தான். அத்தனை செலவழித்தும் அளவீட்டில் பல சமயம் மலிவான டெல்டா-சிக்மாவுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

'ஆர்2ஆர் கேட்டால் இதமாக இருக்கிறதே' என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவற்றில் பல, ஓவர்சாம்பிளிங் இல்லாத 'நாஸ்' முறையில் ஓடுபவை. பில்டர் இல்லாமல் 44,100 வேகத்தில் ஓடும்போது 20,000 ஹெர்ட்ஸில் ஒலி சுமார் 3 டெசிபல் சரிந்துவிடும் என்பது கணக்கிலேயே வருகிறது. கஞ்சிராவின் சலங்கையும் சிம்பலும் கொஞ்சம் மங்கும், கூர்மை தணியும். அந்தச் சுவை பிடித்திருந்தால் வாங்குவதில் தவறில்லை. அதே சுவையை ஆம்ப்பின் டிரெபிள் திருகைச் சற்றுக் குறைத்தும் கிட்டத்தட்ட வரவழைக்கலாம் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சிப்பின் பெயருக்கு வருவோம். 2020 அக்டோபர் 20 அன்று ஜப்பானின் நோபியோகா நகரில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் ஆலை தீப்பற்றி மூன்று நாட்களுக்கு மேல் எரிந்தது. உலகெங்கும் டேக் தயாரிப்பாளர்கள் தவித்துப்போய், பலர் போட்டி நிறுவனமான ஈஎஸ்எஸ்ஸின் சிப்புக்கு மாறினார்கள். அதுவரை 'ஏகேஎம் என்றால் மென்மை, ஈஎஸ்எஸ் என்றால் கூர்மை' என்று பேசிவந்தார்கள். சிப் மாறிய பிறகும் கவனமாக வடிவமைத்தவர்களின் பெட்டிகள் அளவீட்டில் முன்போலவே நன்றாக இருந்தன. சிப்பைச் சுற்றியுள்ள பவர் சப்ளை, சிப்புக்குப் பின்னால் வரும் அவுட்புட் பகுதி, போர்டில் பாகங்களை அடுக்கிய விதம் ஆகியவற்றில்தான் உழைப்பு இருக்கிறது. விளம்பரத்தில் அவற்றின் பெயர் வராது.

லோகோவுக்குக் காசு கொடுப்பதில் எச்சரிக்கை தேவை. மெரிடியன் நிறுவனம் 2014இல் அறிவித்த எம்க்யூஏ என்ற ஒலிக்கோப்பு வடிவத்துக்கு உரிமக் கட்டணம் கட்டி, பல டேக்குகள் அதன் முத்திரையோடு வந்தன. 2023 ஏப்ரலில், அந்த வடிவத்தை நடத்திவந்த எம்க்யூஏ லிமிடெட் நிறுவனம் திவால் நடைமுறைக்குப் போனது. அந்த வடிவத்தை முக்கியமாகப் பயன்படுத்திவந்த ஸ்ட்ரீமிங் சேவையான டைடல், 2024 ஜூலையில் யாருக்கும் கட்டணம் கட்டத் தேவையில்லாத ஃபிளாக் வடிவத்துக்கு மாறியது. முத்திரைக்குக் கொடுத்த பணம் முத்திரையோடு போயிற்று.

ஜிட்டர் என்னும் நேரத் தடுமாற்றத்தைப் பற்றியும் நிறையப் பயமுறுத்துவார்கள். ஆரம்ப காலத்தில் அது நிஜமான பிரச்சினை. இப்போதைய டேக்குகளில் 'அசிங்க்ரனஸ்' யுஎஸ்பி இருக்கிறது. வேகத்தைத் தீர்மானிப்பது கணினி இல்லை, டேக்குக்குள் இருக்கும் கடிகாரம். கவலையை விட்டுவிடலாம்.

உண்மையில் பார்க்க வேண்டியவை

1. பாட்டு எங்கிருந்து வருகிறது? டிவி என்றால் ஆப்டிகல் உள்ளீடு வேண்டும். டிவியின் அமைப்பில் டிஜிட்டல் அவுட்டை 'பிசிஎம்' என்று மாற்ற மறக்காதீர்கள். 'டால்பி' அல்லது 'ஆட்டோ'வில் விட்டால் ஸ்டீரியோ டேக் அதைப் புரிந்துகொள்ளாமல் ஊமையாக இருக்கும், இல்லையென்றால் கரகரக்கும். 'புது டேக் வேலை செய்யவில்லை' என்ற புகாருக்கு இது அடிக்கடி காணும் காரணம். பழைய டிவிடி, சிடி பிளேயருக்கு கோஆக்சியல். கணினிக்கு யுஎஸ்பி.

2. புளூடூத் என்றால் நில்லுங்கள். புளூடூத் ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோ கேட்பவருக்கு டேக் அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கிறது. போனில் எதை மாட்டினாலும் பயனில்லை. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் எல்டேக் என்ற முறையின் உச்சமே நொடிக்கு 990 கிலோபிட். சிடிக்கு வேண்டியது 1,411.

3. யுஎஸ்பியின் வகுப்பு. யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 1 என்றால் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேல் கிளாஸ் 2 வேண்டும். விண்டோஸ் இதைத் தனி டிரைவர் இல்லாமல் ஏற்கத் தொடங்கியது 2017இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில். ஐபோனில் 15ஆம் வரிசையிலிருந்து யுஎஸ்பி-சி இருக்கிறது. அதற்கு முந்தையவற்றுக்கு அடாப்டர் தேவை. ஆண்ட்ராய்டு பல போன்களில் எல்லா ஒலியையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் அனுப்பும். யுஎஸ்பியை நேரடியாகக் கையாளும் பிளேயர் செயலி இருந்தால் அதைத் தவிர்க்கலாம்.

4. எத்தனை வோல்ட்? ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை பின்) அவுட்டுக்கு 2 வோல்ட் என்பது வழக்கமான அளவு. எக்ஸ்எல்ஆர் (மூன்று பின்) அவுட்டில் 4. ஆப்பிளின் சிறிய யுஎஸ்பி-சி அடாப்டரின் அமெரிக்க மாதிரி 1 வோல்ட் தரும், ஐரோப்பிய மாதிரி அதில் பாதி. ஒலித் தூய்மையில் அந்தச் சின்னஞ்சிறு பொருள் பெரிய பெட்டிகளோடு போட்டி போடும். ஆனால் ஆம்ப்பின் வால்யூமை அதிகம் திருப்ப வேண்டியிருக்கும், சேர்ந்து ஆம்ப்பின் சொந்த இரைச்சலும் எழும். வால்யூம் திருகே இல்லாத பவர் ஆம்ப்போடு சேர்க்கப்போகிறீர்கள் என்றால், வால்யூம் உள்ள 2 வோல்ட் டேக்தான் சரி.

5. ஹம். வீட்டில் டேக் விஷயமாக நிஜமாகவே காதில் விழும் குறை இதுதான். சற்று விரிவாகப் பார்க்கலாம்.

அந்த 'ம்ம்ம்' எங்கிருந்து வருகிறது

லேப்டாப்பை ஆம்ப்போடு இணைத்ததும் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், மவுஸை நகர்த்தினால் 'கிர்ர்' என்று ஒரு கீச்சு. சார்ஜர் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் விஷயம் விளங்கிவிட்டது. லேப்டாப் சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆம்ப் வழியாக இன்னொரு எர்த், இரண்டையும் ஆர்சிஏ கேபிளின் வெளியுறை இணைக்கிறது. இப்படி உருவாகும் வளையத்தில் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சிறு கசிவு ஓடி, பாட்டோடு கலக்கிறது. இரண்டு பின் சார்ஜராக இருந்தாலும், உலோக உடலைத் தொட்டால் விர்ரென்று உணரும் கசிவு மின்னோட்டம் அதே வேலையைச் செய்யக்கூடும்.

இதற்காக மூன்றாவது பின்னை உடைத்துவிடுவது, எர்த் கம்பியைக் கழற்றுவது எல்லாம் உயிருக்கு ஆபத்தான வேலை. கடையிலேயே யாராவது அப்படிச் சொன்னாலும் செய்யாதீர்கள். லேப்டாப், ஆம்ப் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் மாட்டிப் பாருங்கள். போகவில்லையா, ஆப்டிகல் கேபிளில் இணையுங்கள். அது வெளிச்சத்தில் செய்தி அனுப்புவதால் மின்தொடர்பே இல்லை, வளையம் அறுந்துவிடுகிறது. லேப்டாப்பில் ஆப்டிகல் இல்லையென்றால் யுஎஸ்பி ஐசொலேட்டர் என்ற சிறு கருவி கிடைக்கிறது. உங்கள் டேக்கின் யுஎஸ்பி வேகத்துக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு லட்ச ரூபாய் டேக்கும் எர்த் வளையத்தில் மாட்டினால் முனகும். ஆப்டிகல் வழியே வரும் சாதாரண டேக் வாயே திறக்காது.

வீட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

இரண்டு டேக்கில் ஒன்று 2 வோல்ட், மற்றது 2.2 வோல்ட் தந்தால் வித்தியாசம் 0.8 டெசிபல். அந்த அளவைக் காது 'சத்தம் கூடியது' என்று உணராது. 'தெளிவு கூடியது, மேடை விரிந்தது' என்று உணரும். டேக் பற்றிய வியப்புகளில் பாதிக்கு மேல் இதில் பிறந்தவை என்பது என் கருத்து. அதனால் அளவைச் சமன் செய்யாமல் ஒப்பிடுவது வீண்.

1. 100 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒன்றைக் குறைந்த வால்யூமில் ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் அளவெடுங்கள். இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
2. அடுத்த டேக்குக்கு மாற்றி, செயலியின் வால்யூமைத் திருத்தி, அதே அளவுக்கு 1 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள்.
3. உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் இன்னொருவர் மாற்றட்டும். 16 முறை கேட்டு, எது எது என்று எழுதுங்கள். 12 சரியென்றால் வித்தியாசம் கேட்கிறது என்று கொள்ளலாம். வெறும் ஊகத்தில் 12ஐத் தொடும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு.

பணத்தை எங்கே போடுவது

நல்ல டேக்கின் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) 0.001 சதவீதம் அளவில் இருக்கும். நல்ல ஸ்பீக்கரே பேஸில் 1 சதவீதத்தைச் சாதாரணமாகத் தொடும். அறையின் சுவர்கள் மோதி எதிரொலிப்பதால், தாழ்ந்த சுருதிகளில் சில 10 டெசிபலுக்கு மேல் எழும்பும், சில அமுங்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒரு மூலையில் குமுறுவதும் சோபாவை அரை மீட்டர் நகர்த்தினால் காணாமல் போவதும் இதனால்தான். ஆகவே 50,000 ரூபாய் இருந்தால் டேக்குக்குச் சில ஆயிரம் ஒதுக்கி, மீதியை ஸ்பீக்கருக்கும், திரைச்சீலைக்கும், தரைவிரிப்புக்கும் கொடுப்பதையே பரிந்துரைப்பேன். போன், லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் இரைச்சலே இல்லை என்றால் டேக்கைத் தள்ளியே போடலாம். இரைச்சல் இருக்கிறது, துளையே இல்லை, டிவியிலிருந்து ஆப்டிகல் மட்டும்தான் வருகிறது என்றால் இன்றே வாங்குங்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் திருப்பி அனுப்பும் நாட்களுக்குள் ஒரு சோதனை செய்யுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு, ஆம்ப்பின் வால்யூமை வழக்கமாகக் கேட்கும் அளவில் வைத்து, ஸ்பீக்கரில் கூர்மையான ஒலியைத் தரும் சிறிய பாகமான ட்வீட்டர் அருகே காதைக் கொண்டுபோங்கள். 'ஸ்ஸ்' என்று கேட்கிறதா? வால்யூமை முழுக்க இறக்கி, ஆம்ப்பை அணைத்து, டேக்கின் ஆர்சிஏ பின்களைக் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்து அதே அளவுக்குத் திருப்புங்கள். இப்போதும் அதே 'ஸ்ஸ்' கேட்டால் அது ஆம்ப்பின் சத்தம்; டேக்கைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை.